கடிதப் பெட்டிக்கு எத்தனை வாசல்?



கைத்தொலைபேசியில் வந்திருந்த ஒரு கடிதம், யாரும் அழிக்காமலே காணாமற்போக முடியுமா? முடியும். 2023ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு அது நடந்தது. அதற்குக் காரணம் அந்தப் பிள்ளை அல்லள், அவள் தொலைபேசியும் அன்று. காரணம் நாங்கள் இருவர். அந்தத் தோட்டப் பள்ளியின் ஆசிரியர்கள். அதனால்தான் இந்தப் பேச்சை நாங்களே பேச ஒப்புக்கொண்டோம்.

முதலில் ஒரு பழைய காட்சியை நினைவுபடுத்திக்கொள்வோம். எங்கள் பெற்றோர் காலத்தில் தோட்டத்திற்குக் கடிதம் வந்தால் அது நேரே வீட்டு வாசலுக்கு வராது. தபால்காரர் மொத்தக் கட்டையும் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கிராணி பெயர் பார்த்துப் பிரித்து வைப்பார். பால் நிறுத்துவிட்டு வருகிற வழியில் போய்க் கேட்டால், இருந்தால் கொடுப்பார்கள். கடிதம் தோட்டத்திற்கு வந்துவிட்டது என்பதும், அது நம் கைக்கு வந்துவிட்டது என்பதும் வெவ்வேறு காரியங்களாக இருந்தன.

மின்னஞ்சலும் அப்படித்தான். அது உங்கள் கைத்தொலைபேசிக்கு நேரே பறந்து வருவதில்லை. எங்கோ ஓர் ஊரில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் போய் இறங்குகிறது. அதற்கு வழங்கி என்று பெயர். அங்கே ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பெட்டி. உங்கள் தொலைபேசி அந்தப் பெட்டிக்குப் போய்ப் பார்த்து வருகிறது. எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த வாசல்களைக் கணினிக்காரர்கள் நெறிமுறைகள் என்கிறார்கள். இரண்டு இயந்திரங்கள் ஒன்றோடொன்று எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதிகள், அவ்வளவுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறோம்.

எங்கள் தோட்டத்தில் முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து ஒரு சிறு சங்கம் நடத்துகிறார்கள். படிவம் ஐந்து முடித்த பிள்ளைகளுக்கு நிலையான ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். இலவசமாகக் கிடைப்பது இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் தொலைபேசி எண் அடிக்கடி மாறுகிறது. எண் மாறி, கடவுச்சொல்லும் மறந்துபோனால், அந்தப் பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்டி, ஐயா, இது என் பிள்ளையின் பெட்டிதான் என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே சங்கம் மாதவாடகைக்கு ஒரு சிறிய வழங்கியை எடுத்தது. 31 பெட்டிகள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் இருவருக்கும் வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடத்திட்டம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். வழங்கியைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தும், வழங்கி வாடகைக்குக் கொடுத்தவரைக் கேட்டும் கற்றுக்கொண்டோம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. கடிதம் மாதம் 2ஆம் தேதி வந்தது. தொலைபேசியில் திறந்து பார்த்தாள், அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பதிவு நாள் 19, ஞாயிற்றுக்கிழமை. அன்று கடிதத்தின் அச்சுப் படியையும் அதோடு இணைத்திருந்த பாரங்களையும் கொண்டு போக வேண்டும். 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, அச்செடுக்கலாம் என்று தொலைபேசியைத் திறந்தால் கடிதம் இல்லை. குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்குமே, அதிலும் இல்லை. கல்லூரி அலுவலகம் வார விடுமுறைக்குப் பூட்டியாகிவிட்டது.

தாயார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இந்தப் பிள்ளைதான் சார் எதையோ அமுக்கித் தொலைச்சிட்டா. எந்நேரமும் கையில அதையே வச்சிக்கிட்டு இருந்தா இப்படித்தான்" என்றார். பின்னால் நின்ற பிள்ளை அழுத முகத்தோடு, "நான் அழிக்கல சார்" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மையைச் சொன்னால், நாங்களும் முதலில் தாயாரைத்தான் நம்பினோம்.

வழங்கியில் ஒரு குறிப்பேடு உண்டு. யார், எந்த நேரத்தில், எந்த வாசல் வழியாக வந்தார், எத்தனை கடிதம் எடுத்தார், எத்தனை அழித்தார் என்று அது வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். அதைப் புரட்டினோம். அன்று மாலை 6.42க்கு அந்தப் பிள்ளையின் பெட்டிக்குள் ஒரு நுழைவு. வந்த வாசல் பாப். எடுத்தது பூச்சியம், அழித்தது ஒன்று. அந்த நேரத்தில் பிள்ளையின் தொலைபேசி தாயாரின் கைப்பையில் சந்தையில் இருந்தது.

பாப் என்பது என்ன? அது ஆபீசுக்குப் போய்க் கடிதத்தைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவது போன்ற முறை. எடுத்து வந்தபின் ஆபீசுப் பெட்டியில் ஒன்றும் இராது. இன்னொரு முறைக்கு ஐமேப் என்று பெயர். அது ஆபீசிலேயே நின்று கடிதத்தைப் படித்துவிட்டு, படித்தேன் என்று ஒரு குறி இட்டு, மீண்டும் பெட்டியிலேயே வைத்துவிட்டு வருவது. தொலைபேசியில் படித்தாலும், பள்ளிக் கணினியில் படித்தாலும், அக்காள் வீட்டில் படித்தாலும் அதே கடிதம், அதே குறி. ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியிலிருந்து கடிதம் போய்விட்டால், ஐமேப் வழியாகப் பார்க்கிற எல்லாத் தொலைபேசியிலிருந்தும் அது சேர்ந்தே போய்விடும். பெட்டியில் உள்ளதைத்தானே அது காட்டுகிறது.

பிள்ளையின் தொலைபேசி ஐமேப் வாசலில் போய்க்கொண்டிருந்தது. பின் யார் பாப் வழியாக வந்தது? சங்கத்து வாசிப்பறையில் ஒரு கணினி இருக்கிறது. விண்ணப்பம் போட்ட காலத்தில் அவளுடைய அண்ணன் அங்கே உட்கார்ந்து, அச்செடுக்க வசதியாக இருக்கட்டும் என்று தங்கையின் பெட்டியை அந்தக் கணினியிலும் சேர்த்திருக்கிறான். பாபா ஐமேப்பா என்று அது கேட்டபோது முதலில் இருந்ததை அமுக்கியிருக்கிறான். கடிதம் வந்த மறுநாள், 3ஆம் தேதி, கணினி அதில் ஒரு படி எடுத்துக்கொண்டது. எடுத்தவுடன் அழிக்கவில்லை. பெட்டியில் ஒரு படியை விட்டுவை, 14 நாள் கழித்து எடுத்துவிடு என்பது சில செயலிகளில் தாமாகவே குறித்து வருகிற ஏற்பாடு. 3ஆம் தேதியோடு 14 நாளைக் கூட்டிப் பாருங்கள். 17ஆம் தேதி மாலை வாசிப்பறையைத் திறந்து யாரோ கணினியைப் போட்டார்கள். அது தன் கணக்குப்படி பெட்டியைக் காலி செய்தது. கணினிக்குக் கோபதாபம் கிடையாது, சொன்னதைச் செய்தது.

அந்த இரவே வாசிப்பறையைத் திறந்து பார்த்தோம். கடிதம் பத்திரமாக அந்தக் கணினிக்குள் இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தோம். தாயார் பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பாப் கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அது பிறந்த காலத்தைப் பார்க்க வேண்டும். கணினிக்குக் கணினி கடிதம் அனுப்புகிற எஸ்.எம்.டி.பி. என்னும் விதியை அமெரிக்காவில் ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்டார். பாப் முதன்முதலில் 1984இல் வந்தது; இன்று புழக்கத்தில் உள்ள அதன் மூன்றாம் வடிவம் 1988இல் வந்தது. ஐமேப்பை மார்க் கிரிஸ்பின் என்பவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1986இல் வகுத்தார். ஆகக் கூடி எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வயதுப் பிள்ளைகள். 1990களில் நம் நாட்டில் ஜாரிங், டி.எம்.நெட் வழியாக இணையத்துக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். தொலைபேசிக் கம்பியில் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கும். இணைப்பில் இருக்கிற நேரத்துக்கெல்லாம் கட்டணம். அந்த நாளில் சட்டென்று இணைந்து, எல்லாக் கடிதத்தையும் வாரிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பதுதான் சிக்கனம். வழங்கிகளிலும் இடம் கொஞ்சம். எடுத்துக்கொண்டு காலி செய் என்பது நல்ல பழக்கமாக இருந்தது. ஒருவருக்கு ஒரே கணினி என்றிருந்த காலத்தில் பாப் சரி. ஒரே பெட்டியைத் தொலைபேசியிலும் வாசிப்பறையிலும் பள்ளியிலும் பார்க்கிற பிள்ளைக்கு அது பொருந்தவில்லை.

இதில் எங்கள் பிழை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் சங்கத்துப் பொருளாளர் வயதானவர். பல ஆண்டுகளாகப் பாப் வழியாகவே கடிதங்களைத் தம் கணினியில் இறக்கி வைத்துப் பழகியவர். அவருக்காக வழங்கியில் பாப் வாசலைத் திறந்தோம். ஒருவருக்காகத் திறந்தது 31 பேருக்கும் திறந்துவிட்டது. அதை நாங்கள் கவனிக்கவில்லை.

இது எங்கள் வழங்கியில் மட்டும் உள்ள குறையன்று. வழங்கிகளில் இரண்டு பூட்டு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டடத்தின் வெளிவாசலுக்கு. மற்றொன்று ஒவ்வொருவர் பெட்டிக்கும். பெரிய அலுவலகங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் வழங்கி மென்பொருளில், புதிதாக நிறுவும்போது பாப், ஐமேப் இரண்டு சேவையும் ஓடாமல் நின்றிருக்கும். வெளிவாசல் பூட்டியிருக்கிறது. ஆனால் உள்ளே ஒவ்வொருவர் பெட்டியிலும் இரண்டுக்கும் அனுமதி இருக்கிறது என்றே குறித்திருக்கும். நிர்வாகி யாரோ ஒருவருக்காகச் சேவையை ஓடவிட்டால் எல்லாப் பெட்டிகளும் திறந்துகொள்ளும். பிறகு அவர் ஒவ்வொரு பயனரின் பெயரையும் திறந்து, அவருக்கு எந்தெந்த வாசல் என்ற இடத்துக்குப் போய், வேண்டாததை நிறுத்த வேண்டும். எங்களைப் போன்ற சிறிய சங்கங்களின் வழங்கியில் பெரும்பாலும் டவ்காட் என்னும் இலவச மென்பொருள் ஓடுகிறது. அந்தப் பெயருக்குப் புறாக்கூடு என்று பொருள். கடிதம் சுமந்த பறவைக்கு ஏற்ற பெயர்தான். அதிலும் பாப் இருக்கட்டும் என்று எழுதினால் எல்லாருக்கும் இருக்கும். இன்னாருக்கு இன்ன வாசல் என்று பயனர் பட்டியலில் தனியே எழுதினால்தான் பிரியும்.

அடுத்த நாள் சனிக்கிழமை. இருவரும் உட்கார்ந்து 31 பெயரையும் ஒரு தாளில் எழுதினோம். ஒவ்வொருவரும் எதில் கடிதம் பார்க்கிறார் என்று கேட்டு எழுதினோம். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். 30 பேருக்குப் பாப்பை மூடினோம். பொருளாளருக்கு மட்டும் விட்டுவைத்து, அவர் கணினியில் படியை அழிக்காதே என்று மாற்றிக் கொடுத்தோம். பெட்டி நிறையுமே என்றார். நிறையும்தான். ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து துப்புரவு செய்யலாம் என்று சமாதானம் சொன்னோம்.

இங்கே ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வருகிறது. வாசலை மூடினால் வருகிற கடிதம் திரும்பிப் போய்விடுமா? போகாது. கடிதம் உள்ளே வருகிற வழி வேறு, நாம் எடுக்கிற வழி வேறு. கிராணி சன்னலை மூடியிருந்தாலும் தபால்காரர் கட்டைக் கொண்டுவந்து போடுகிறாரல்லவா, அதுபோல. பாப்பையும் ஐமேப்பையும் மூடினாலும் கடிதம் பெட்டியில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

மூடியபின் இன்னொரு தொல்லை வந்தது. வாசிப்பறைக் கணினி பழைய பழக்கத்தில் பாப் வழியாகவே போய்த் தட்டியது. வாசல் மூடியிருக்கிறது என்று வழங்கி பச்சையாகச் சொல்லவில்லை. உள்ளே விட முடியாது, பெயரையும் கடவுச்சொல்லையும் பாருங்கள் என்ற தோரணையில் ஒரு செய்தி வந்தது. நம் அண்ணன்காரன் கடவுச்சொல் கெட்டுவிட்டது என்று எண்ணி மூன்று முறை மாற்றிவிட்டான். அதனால் தங்கையின் தொலைபேசியும் நின்றுபோயிற்று. வாசலை மூடுகிறவர் பெட்டிக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. ஒரு நாளில் இரண்டாம் தவறு.

மூன்றாவதும் உண்டு, சிரிக்காதீர்கள். தொலைபேசியே இல்லாத இரண்டு தாய்மார்கள் வலைப்பக்கம் வழியாக மட்டும் கடிதம் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு ஐமேப் எதற்கு என்று அதையும் மூடினோம். மறுநாள் வலைப்பக்கமும் திறக்கவில்லை. காரணம், எங்கள் வழங்கியில் வலைப்பக்கம் என்பது தனி வாசலன்று. அது திரைக்குப் பின்னால் ஐமேப் வழியாகவே பெட்டிக்குள் போகிறது. எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் இவை இரண்டும் தனித்தனி. அங்கே ஒன்றை மூடினால் மற்றது நிற்காது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு அரைநாள் பிடித்தது. மீண்டும் திறந்துவிட்டோம்.

வேண்டாத வாசலை மூடுவதற்குக் கடிதம் காணாமற்போவது மட்டும் காரணமன்று. திருட்டும் ஒரு காரணம். நீங்கள் வங்கிக்குள் நுழையும்போது கடவுச்சொல்லோடு தொலைபேசியிலும் உறுதிப்படுத்தச் சொல்கிறார்களே, அந்த இரண்டாவது காவல் பழைய முறையில் பேசும் பாப், ஐமேப் வாசல்களில் இல்லை. கடவுச்சொல் ஒன்று போதும். ஆகவே திருடர்கள் அந்த வாசல்களில்தான் ஆயிரக்கணக்கான சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் இணைய அஞ்சல் சேவையில் வெறும் கடவுச்சொல்லை மட்டும் நம்பி இந்த வாசல்களில் நுழைவதை 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியதற்கு இதுவே காரணம். சிறிய வழங்கிகளில் அந்தக் காவலை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடிதம் அனுப்புகிற வாசலும் ஒன்று உண்டு. அதுதான் முன்பு சொன்ன எஸ்.எம்.டி.பி. ஒரு பெட்டியின் கடவுச்சொல் திருடன் கையில் சிக்கினால், அவன் அந்தப் பெயரில் ஆயிரம் பொய்க்கடிதம் அனுப்பிவிடுவான். அதன்பின் மற்ற வழங்கிகள் நம் முகவரியிலிருந்து வருகிற எதையும் ஏற்காமல் தள்ளிவிடும். ஒருவர் செய்த பிழைக்கு 31 பேரின் கடிதமும் நின்றுபோகும். ஆகவே அறிவிப்புகளைப் பெறுவதற்கு மட்டும் வைத்திருந்த ஒரு பெட்டிக்கு அனுப்பும் அனுமதியையே எடுத்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் உள்ள தொலைபேசி எந்த வாசலில் போகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதோ வழி. அஞ்சல் செயலியில் அமைப்பு என்ற இடத்தில், உள்வரும் வழங்கி என்று ஒரு பகுதி சில தொலைபேசிகளில் இருக்கும். பெரிய நிறுவனங்களின் சொந்தச் செயலிகளில் இது வெளியே தெரியாது, அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தெரிகிற இடத்தில், ஆங்கில எழுத்தில் மூன்றெழுத்தாக இருந்தால் பாப், நான்கெழுத்தாக இருந்தால் ஐமேப். அதன் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 993 என்றால் ஐமேப், 995 என்றால் பாப். இவை இரண்டும் கடிதத்தையும் கடவுச்சொல்லையும் பூட்டிய உறையில் கொண்டு செல்கிறவை. 143 அல்லது 110 என்று இருந்தால் அவை பழைய எண்கள். பூட்டு என்ற வசதியைத் தனியே போட்டிருந்தாலொழிய கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டைபோல வழி நெடுக எவரும் படிக்கும்படி போகும். கடைத்தெருவில் இலவச இணைப்பில் உட்கார்ந்து அப்படி அனுப்பாதீர்கள். அனுப்பும் வாசலுக்கு 587 அல்லது 465 என்று இருக்க வேண்டும். எண்ணைக் கண்டபடி மாற்றிவிடாமல், தாளில் எழுதிக்கொண்டு போய் உங்கள் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவரிடம் காட்டுங்கள். அவர் பார்த்து மாற்றிக் கொடுப்பார்.

பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கடிதம், வேலைக் கடிதம், உதவித்தொகைக் கடிதம் எது வந்தாலும் அன்றே ஓர் அச்சுப் படி எடுத்துத் தகரப் பெட்டியில் வையுங்கள். அதை எந்த வாசல் வழியாகவும் யாரும் எடுக்க முடியாது. கடிதம் தொலைந்தால் பிள்ளையைத் திட்டுமுன், அந்தப் பெட்டியை வேறு எந்தக் கணினியில் யார் சேர்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பழைய தொலைபேசி, கடைக் கணினி, மாமா வீட்டுக் கணினி எல்லாம் கணக்கில் வரும்.

அந்தப் பெண்பிள்ளை 19ஆம் தேதி பதிவு செய்துகொண்டாள். விடுமுறைக்கு வந்தபோது வாசிப்பறைக் கணினியில் தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று அவளே போய்ப் பார்த்து, எடுத்துவிட்டு வந்தாள்.